இல்லாத உடம்புக்கு ஓர் அளவுச் சட்டை

அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய மூன்றாவது வருடம் இது நடந்தது. மன்னாரில் முருங்கனிலிருந்து உள்ளே போகும் ஒரு வயல் கிராமம் எங்களுடையது. தகரக் கொட்டிலை விட்டு அப்போதுதான் கல்வீட்டுக்கு மாறியிருந்தோம். வீட்டில் எல்லோரும் சீமெந்துத் தரையைப் பார்த்துச் சந்தோசப்பட, நான் கதவைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். உள்ளே கொண்டி போட்டுவிட்டு உடுப்பு மாற்ற, வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஓர் அறை கிடைத்திருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் ஓர் இடம்பெயர்வின்போது, தறப்பாள் கொட்டிலுக்குள் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சிப்பானை என் மேல் சரிந்தது. பிள்ளை உயிர் தப்பியதே பெரிய காரியம் என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னோடு படித்த பிள்ளைகள் பெரிசான காலத்தில்தான் விசயம் தெரிந்தது. என் இடது மார்பு வயதுக்கேற்றபடி வளர்ந்தது. வலது பக்கம் இறுகிச் சுருங்கிய தழும்பு மட்டும்தான், அங்கே எதுவும் வளரவில்லை.

அன்று தொடங்கிய பஞ்சு வேலை. உள்சட்டையின் வலது பக்கத்துக்குள் பஞ்சை வைத்துத் தைப்பேன். வியர்த்தால் அது நனைந்து கீழே இறங்கும். என் சட்டைகளை வேறு யாரிடமும் தைக்கக் கொடுத்ததில்லை. முகாமில் குழாயடியில் எல்லாப் பெண்களும் குறுக்குக்கட்டோடு குளிக்க, நான் முழுச் சட்டையோடு தண்ணீர் வார்த்தேன். பெரிய வெட்கக்காரி என்று பெயர் எடுத்தேன். என் வாயை அறிந்தவர்களுக்கு அதுவே பெரிய பகிடி.

ஆனால் ஆசை இருந்தது. கிணற்றடிக்கு வருகிற பெண்களைப் பார்க்கும்போது, சாறி மடிப்பு அவர்கள் நெஞ்சில் இயல்பாக விழுகிற விதத்தைப் பார்க்கும்போது, கிணற்றுக்குள் வாளியை விட்டபடி பார்த்துக்கொண்டே நிற்பேன். பொறாமை என்று சொன்னாலும் சரிதான். நகை, சீலை எதிலும் எனக்கு அவ்வளவு மனம் போனதில்லை. இரண்டு பக்கமும் உள்ள உடம்போடு ஒரு நாள் நடந்து பார்க்க வேண்டும் என்றுதான் ஏங்கினேன்.

அந்த நேரத்தில்தான் கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை நானாட்டான் பக்கம், உழவு மெசின் திருத்துகிறவர். பெண் பார்க்க வந்த அன்று அம்மா, சின்னனில் கஞ்சி ஊத்துப்பட்ட தழும்பு ஒன்று இருக்கிறது என்றார். எங்கே, எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஆவணியில் முகூர்த்தம் வைத்தார்கள்.

எங்கள் வழக்கத்தில் தாலிக்கு முன் பெண் மணவறையை விட்டு எழும்பி உள்ளே போய், மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த கூறைச் சேலையை உடுத்துவர வேண்டும். உள்ளே கூட்டிக்கொண்டுபோய் உடுத்திவிடுவது தோழி, அதாவது மாப்பிள்ளையின் சகோதரி. கலியாணத்தை நினைத்து மற்றவர்களுக்கு எதெதற்கோ பயம் வரும். எனக்கு அந்த அறைக்குள் நிற்கப் போகிற மாப்பிள்ளையின் அக்காவை, என் மச்சாளை, நினைத்துத்தான் பயம்.

கனடாவில் இருக்கிற மாமியிடம் போனில் அழுதேன். அவர் என் அப்பாவின் தங்கை, எதையும் உடனே செய்து முடிக்க வேண்டும் அவருக்கு. சென்னையில் மார்பைப் பெரிதாக்கிக் கொடுக்கிற ஓர் இடத்தை விசாரித்துவிட்டுத் திரும்ப எடுத்தார். ஒரு கிழமை போதுமாம், செலவு தன்னுடையதாம், கலியாணத்துக்குப் புதுப்பெண்ணாகப் போகலாமாம். போனை வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு முன் நெடுநேரம் நின்றேன்.

அந்தக் கிழமையே மாப்பிள்ளை வீட்டில் அளவுச் சட்டை கேட்டார்கள். கூறைக்குரிய சட்டையைத் தைப்பித்துத் தருவது அவர்கள் பொறுப்பு. இங்கேதான் நான் உலகத்தில் யாரும் செய்யாத வேலை ஒன்றைச் செய்தேன். பழைய சட்டை எதையும் கொடுக்காமல், வரப்போகிற உடம்புக்கென்று புதிதாக ஒன்றை வெட்டித் தைத்துக் கொடுத்தேன். ஆசைப்படுகிறதுதான், அதில் என்ன கஞ்சத்தனம் என்று இரண்டு பக்கமும் தாராளமாகவே வெட்டினேன்.

சென்னைக்குப் போகப் பாஸ்போர்ட் எடுக்கக் கொழும்புக்குப் போனபோது, கூட வந்த அம்மா என்னைச் சும்மா விடவில்லை. மன்னார் ஆஸ்பத்திரியில் வாங்கிய கடிதத் துண்டோடு கொழும்பு அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். டொக்டர் சிங்களவர், தமிழ் தெரிந்த தாதி மிஸ்ஸி ஒருவர் நடுவில் நின்று சொன்னார். டொக்டர் என் தழும்பை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். கிள்ள வரவில்லை. இந்தத் தோலுக்குள் எதையும் ஒரேயடியாக வைக்க முடியாது என்றார்.

முதலில் தழும்பை விடுவிக்க வேண்டுமாம். பிறகு ஒரு வெறும் பையைத் தோலுக்குக் கீழே வைத்து, கிளினிக்குக்கு வர வர அதற்குள் சேலைன் ஏற்றி, தோலை மெல்ல மெல்ல இளக வைப்பார்களாம். மாதக் கணக்காகும். அதற்குப் பிறகுதான் சிலிக்கன் பை. அதுவும் சாகும்வரைக்கும் வைத்த மாதிரி இருக்காது, காலம் போக மாற்ற வேண்டி வரலாம். சிலருக்குச் சுற்றிவர இறுகிக் கல்லுமாதிரி ஆகும், கிருமி தொற்றினால் வெளியே எடுக்கவும் நேரும். தழும்பு குறையலாம், மறையாது. பிள்ளை பிறந்தால் இடது பக்கம் மாறும், அப்போது இரண்டும் திரும்பச் சமமில்லாமல் போகும், ஆகவே பிள்ளைகளுக்குப் பிறகு செய்வது நல்லது என்றார். சென்னைக் கதையைச் சொன்னேன். உம்மைப் பார்க்காமலே ஒரு கிழமை என்றவர்களிடம், வெட்டப் போகிறவர் இதற்கென்று படித்தவரா, ஊருக்குப் போனபிறகு புண் பழுதானால் யார் பார்ப்பது என்று முதலில் கேளும் என்றார்.

கடைசியாக எனக்கு ஒன்றுதான் கேட்க இருந்தது. மிஸ்ஸியின் காதுக்குள் கேட்டேன். அவர் டொக்டரிடம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு பதிலைச் சொன்னார். "தொட்டா உமக்கு உணர்வு தெரியுமெண்டு உறுதி சொல்ல ஏலாதாம் பிள்ளை. அனேகமாத் தெரியாதாம்."

ஊர் திரும்பும் பஸ்சில் மதவாச்சி தாண்டும்வரை அழுதேன். கண்ணுக்குத் தெரிகிற ஒன்றுக்கு மட்டுந்தான் ஆசைப்பட்டேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது. மாமியிடம் சென்னைக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அவர் கோபித்துக்கொண்டார். அந்தக் கவலையில் அளவுச் சட்டையை அடியோடு மறந்துபோனேன்.

ஆடி முடிகிற நேரம் மச்சாள் தைத்த சட்டையோடு வந்து நின்றார். போட்டுப் பார்க்கச் சொல்லி என்னோடு அறைக்குள் வந்து கொண்டியும் போட்டார். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாற்றினேன். பஞ்சு இருந்த பக்கம் மட்டுமில்லை, நல்ல பக்கமும் தொளதொளவென்று நின்றது. மச்சாள் தோளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அளவுச் சட்டைப்படிதானே தைப்பித்தேன் என்று அவருக்கு ஒரே குழப்பம். காய்ச்சலில் மெலிந்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன், பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"அது என்ர அளவில்லை மச்சாள்," என்றேன். "அது எனக்கு வேணுமெண்டு நினைச்ச அளவு."

பிறகு சட்டையைக் கழற்றிக் காட்டினேன். கலியாணம் அத்தோடு சரி என்றுதான் நினைத்தேன். மச்சாள் ஐயோ என்று சொல்லவில்லை, உச்சுக்கொட்டவும் இல்லை. கிட்ட வந்து பார்த்தார்.

"இப்பவும் நோகுதோ?"

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. வெயிலுக்கு இழுக்கும், அந்தக் கையை முழுதாகத் தூக்க முடியாது என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"கூறை உடுத்தேக்க நீர் கையைத் தூக்க வேண்டாம், நான் பின்பக்கத்தால போட்டுவிடுறன்," என்றார். "ஆனா தம்பிக்குச் சொல்லவேணும். அதை நீர்தான் சொல்லவேணும். சொல்லாமல் நான் கூறை உடுத்திவிட மாட்டன்."

அன்று பின்னேரமே மாப்பிள்ளைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். பிறகு கதைக்கிறன் என்று வைத்துவிட்டார். அடுத்து வந்த நாட்களில் அவர் கதைக்கவில்லை. கலியாணக் காட் அடித்தாயிற்று, பந்தலுக்குச் சொல்லியாயிற்று. ஏன் வாயைத் திறந்தாய் என்று அம்மா திட்டித் திட்டி அழுதார். மாப்பிள்ளை போய்விட்டார் என்றே நினைத்தேன். அவரை எனக்குப் பிடித்திருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஒரு பகல் மோட்டார்சைக்கிளில் வந்தார். கையெல்லாம் கிறீஸ். தேத்தண்ணியும் வேண்டாம் என்றுவிட்டு என்னோடு முற்றத்தில் நின்றார். என்னட்டை ஒளிச்சுப்போட்டினம் என்ற கோவம்தான் தன்னை வர விடவில்லை என்று நேரே சொன்னார். பிறகு டொக்டர் சொன்னதை முழுக்கச் சொல்லச் சொன்னார். ஒன்றும் விடாமல் சொன்னேன். அப்படியென்றால் அவசரமில்லைத்தானே என்றார்.

"அவசரமில்லை எண்டுதான் டொக்டர் சொன்னவர். வேண்டாமெண்டு சொல்லேல்லை. எனக்கு வேணும்," என்றேன்.

அவர் கிறீஸ் கையைக் காற்சட்டையில் துடைத்தார். "வேணுமெண்டாச் செய்வம். ஆவணிக்காகச் செய்ய வேண்டாம்."

ஆவணியில் மச்சாள் சொன்னபடியே பின்பக்கத்தால் கூறை உடுத்திவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் ஒரு பக்கப் பாலிலேயே நன்றாக வளர்ந்தன. சின்னவன் பால்குடி மறந்தபிறகு, கொழும்புக் கிளினிக்குக்குத் திரும்பப் போகத் தொடங்கியிருக்கிறேன். இந்தமுறை கேள்வி கேட்க என் கணவரும் வருகிறார், என்னைவிட அவர்தான் கூடக் கேட்கிறார். இப்படி ஒன்றைப் பற்றி யோசிக்கிற தங்கைமார் யாராவது இதை வாசித்தால், யாருடைய முகூர்த்தத்துக்காகவும் கத்திக்குக் கீழே படுக்காதீர்கள் என்றுதான் சொல்லுவேன். ஆசைப்படவே கூடாது என்று மட்டும் சொல்ல மாட்டேன். எனக்கு இது வேணும் என்று கூசாமல் சொன்ன அன்றே என் உடம்பில் பாதி எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, மற்றப் பாதிக்காக இன்றைக்கும் ஏங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.