லொரைன் திருப்பிய முதுகு

லொரைன் குபியாக்கைப் பொறுத்தவரை அமெரிக்காவின் ஷெபாய்கன் ஊரில் இரண்டே வகை ஆட்கள்: ஒலிபெருக்கிக்காரர்கள், மனிதர்கள். நான் அவளுடைய குழுவுக்குப் பஸ் ஓட்டியவன். என்னை எந்த வகையில் சேர்த்திருந்தாள் என்று கடைசிவரை கேட்கத் துணியவில்லை.

குளிர்காலத்தில் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை. கோடை வந்தால் இளைஞர் அணிவகுப்பு இசைக்குழுவின் இயக்குநர். கால்பந்து மைதானத்தில் பித்தளைக் கொம்பும் டிரம்மும், கட்டைகளைக் கோலால் தட்டும் மரிம்பாவும் மட்டும். நெஞ்சில் இருக்கும் காற்றே பார்வையாளர் வரிசைகளின் மேல்படி வரை போய்ச் சேர வேண்டும். அந்த விதியில்தான் அவளும் சிறுமியாக எக்காளம் ஊதியிருந்தாள்.

ஒரு ஜனவரியில் எல்லா ஊர்க் குழுக்களின் இயக்குநர்களும் கூடி, மைக்கும் மின் கீபோர்டும் மைதானத்துக்குள் வரலாமா என்று விவாதித்தார்கள். வரலாம் என்று முதலில் எழுந்து பேசியவன் காரெட் ஸ்ட்ரவுட். லொரைன் குழுவின் கொம்புப் பயிற்சியாளனேதான்.

"மைக் இல்லாம மரிம்பா சத்தம் மேல வரைக்கும் போகாது. அடிச்சு அடிச்சுப் புள்ளைங்க மணிக்கட்டு போகுது, லொரைன்."

"கேக்கலன்னா பின்னாடி நிக்கற கொம்பை மெதுவா ஊதச் சொல்லு. அது உன் வேலை. உன் வேலையை ஒரு பிளக்குகிட்ட குடுக்கறியே, வெக்கமா இல்ல?"

"உன் அப்பா காலத்துல கொம்புல அமுக்க ஒரே ஒரு வால்வு. நீ இன்னும் அங்கேயே நிக்கற."

"ஆமா, நான் நிக்கறேன். நீ காத்தடிக்கற பக்கம் சாயற."

சிலர் சிரித்தார்கள். ஆனால் வாக்கெடுப்பில் லொரைன் தோற்றாள்.

அந்தக் கோடையில் அவள் ஒரு வயர்கூட வாங்க விடவில்லை. மரிம்பா கேட்கவில்லை என்று ஊருக்கு ஊர் நடந்த போட்டிகளில் நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். குழு இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. இலையுதிர் காலத்தில் பெற்றோர் குழு ஒரு மதுக்கடையில் கூடி அவளை நீக்கிவிட்டு காரெட்டை இயக்குநராக்கியது. லொரைன் எழுந்து போய், வாத்தியக் கொட்டகையின் சாவிக்கொத்தை அவனுடைய பீர் குவளைக்குள் போட்டாள்.

"மைக் வெச்சுக் கேளு, எங்க இருக்குன்னு சொல்லும்" என்றாள்.

மறு கோடையில் உள்ளூர்ப் போட்டிக்கு மூன்று பழைய கூட்டாளிகளோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். மைதான ஓரத்திலிருந்து கீபோர்டின் அடித்தொனி உறுமியதும் நால்வரும் எழுந்து முதுகைத் திருப்பி நின்றார்கள். பின்னால் இருந்தவர்கள் காகிதக் குவளைகளை வீசினார்கள். அப்போது லொரைனின் பழைய குழுவிலிருந்து முன்னால் வந்து தனியாக ஊதிக்கொண்டிருந்தவள் ஆனிகா ஹால்வர்சன். அவளுக்கு எதிரே தெரிந்தது அந்த நான்கு முதுகுகள்தாம்.

ஆட்டம் முடிந்ததும் சீருடையைக்கூடக் கழற்றாமல், லொரைன் நின்றிருந்த தொத்திறைச்சிக் கடை வரிசைக்கு வந்தாள் ஆனிகா.

"மூணு வருஷம் உங்ககூடத்தானே ஊர் ஊரா சுத்தினேன், மிஸஸ் குபியாக். விதியை நானா போட்டேன்?"

"இல்ல."

"அப்புறம் எனக்கு எதுக்கு முதுகைக் காட்டினீங்க?"

"உனக்கு இல்ல. அந்த ஸ்பீக்கர் பெட்டிக்கு."

"பெட்டிக்குக் கண்ணு இல்ல. எனக்கு இருக்கு."

கூட்டாளிகளில் ஒருவன், டால்ஃப், "கொழுப்பைப் பாரு" என்று சிரித்தான்.

"நீ வாயை மூடு" என்றாள் லொரைன். ஆனிகா பக்கம் திரும்புவதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள். அடுத்த வருஷம் வேறு ஊர்க் குழுவில், இன்னும் பெரிய ஒலிபெருக்கிகளுக்கு நடுவே ஊதினாள். லொரைனோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு லொரைன் எந்தக் குழுவுக்கும் முதுகைத் திருப்பவில்லை. கூட்டாளிகள் எழுந்தால் தனியாக உட்கார்ந்தே இருப்பாள், முகம் கடுகடுவென்று. டால்ஃப் அவளைக் கோழை என்று ஊரெல்லாம் சொன்னான்.

ஒருநாள் மளிகைக் கடையில் காரெட் அவளை மறித்தான்.

"கொம்புப் பசங்க தேங்கிப் போயிட்டாங்க. வந்து சொல்லிக் குடு."

"கீபோர்டை வெளிய தூக்கிப் போடு. வரேன்."

"அது நடக்காது."

"அப்ப வழியை விடு. கூடையில இருக்கற பால் கெட்டுடும்."

அவன் தன் தள்ளுவண்டியை நகர்த்தினான். அவள் நன்றி சொல்லவில்லை.

ஒவ்வொரு ஜனவரியும் சொந்தச் செலவில் அந்த இயக்குநர்கள் கூட்டத்துக்குப் போகிறாள். வாக்கு கிடையாது, பேச அனுமதியும் கிடையாது. பேசுகிறாள். வெளியேற்றுகிறார்கள்.