கதிரை

எங்கள் ஃபோர்மனுக்குத் தாடை இடப்பக்கம் கோணியிருக்கும். பாண் துண்டைக்கூட வலப்பக்கத்தாலேயே மெல்லுவார். லண்டனில், சட்டன் பகுதியில் ஒரு கட்டடத்தில் அவருக்குக் கீழே பூச்சு வேலை செய்த நாட்களில், சாரத்திலிருந்து விழுந்திருப்பார் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது கேட்டுவிட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் பேச்சிலேயே எழுதுகிறேன்: "என்ர தம்பி கதிரையால அடிச்சவன். தேர்தல் மேடையில. ஊரே பாத்துக்கொண்டு நிண்டது."

அயர்லாந்தில் ஒரு தொகுதி அவருடைய குடும்பத்துக்குச் சொந்தக் காணி மாதிரி. தாத்தா பாராளுமன்ற உறுப்பினர். அவருக்குப் பிறகு தகப்பன். தகப்பன் இறந்தபோது, சவப்பெட்டி மண்ணுக்குள் இறங்குமுன்பே, இடைத்தேர்தலுக்கு மூத்த மகனான இவர்தான் என்று கட்சிக்காரர் முடிவெடுத்துவிட்டார்கள். இதெல்லாம் எங்கள் நாட்டுக்கும் புதிதல்ல. ஆனால் அந்தக் குடும்பப் பெயரின் அடியில் ஒரு கொலை கிடந்தது. அவர்களுடைய உள்நாட்டுப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற அயல்வீட்டு இளைஞனை, அவனுடைய தாய் பார்த்திருக்க, அவன் வீட்டு வாசலில் வைத்துத் தாத்தா சுட்டிருந்தார். அந்தச் சூடுதான் அவரை வீரனாக்கிப் பாராளுமன்றம்வரை கொண்டுபோனது.

மேடையேறிய ஃபோர்மன் வாக்குக் கேட்கவில்லை. செத்தவனின் பெயரைச் சொன்னார். அவன் இரத்தத்தில் கிடைத்த பாராளுமன்றக் கதிரை தனக்கு வேண்டாம் என்று சொல்லி முடிக்குமுன் தம்பி பாய்ந்துவிட்டான். உடைந்த தாடையோடு இவர் லண்டன் வந்தார். தம்பி பாராளுமன்றம் போனான்.

எங்கள் போரிலும் எங்கள் ஆட்களை எங்கள் ஆட்களே சுட்டார்கள். ஊருக்குப் போனால், அந்த வீடுகளைக் கடக்கும்போது நாங்கள் இன்றும் குரலைத் தாழ்த்துகிறோம். அதனால்தானோ என்னவோ, அன்றுமுதல் அவர் எனக்கு வெறும் ஃபோர்மன் இல்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, ஒரு பிற்பகல், அந்தத் தம்பி நாங்கள் வேலை செய்த இடத்துக்கே வந்தார். நரைத்த தலை, நல்ல கோட். மகளைக் காரில் இருக்க விட்டிருந்தார். தனக்குப் பிறகு அவள் தேர்தலில் நிற்கப்போகிறாள் என்றும், எதிர்க்கட்சி அந்தப் பழைய கதையைக் கிளறுகிறது என்றும் சொன்னார்.

"அண்டைக்குச் சொன்னது பொய் எண்டு ஒரு வார்த்தை சொல்லு."

"ஏலாது" என்றார் ஃபோர்மன்.

தரையில் கிடந்த இரும்புக் கம்பியைத் தம்பி எடுத்ததை நான் கண்டேன். ஓடிப்போய்ச் சேருமுன் முதல் அடி விழுந்துவிட்டது. எலும்பு நொறுங்கும் சத்தம். ஃபோர்மனின் வலக்கண் இருந்த இடம் முழுக்க இரத்தம். தம்பியைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். அவருடைய முழங்கை என் பல்லை உடைத்தது. அடுத்த அடி ஃபோர்மனின் தோளில் இறங்கியது. "அண்ணை, விடாதேங்கோ!" என்று என்னிடம் கத்திக்கொண்டு, எங்களோடு வேலை செய்த மன்னார்ப் பெடியன் ஒருவன் தம்பியின் கால்களைக் கட்டிக்கொண்டு விழுந்தான். சீமெந்துத் தூசிக்குள் மூவரும் உருண்டோம். எங்களுக்குக் கீழே கிடந்தும், அண்ணனைக் கொல்லுவேன் என்றே அவர் கத்தினார்.

மகள் ஓடிவந்தாள். தகப்பனைத் திரும்பியும் பார்க்கவில்லை. தன் சால்வையைச் சுருட்டிப் பெரியப்பாவின் கண்ணில் அழுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் அவள் கேட்டது ஒன்றுதான்: "வாசலில சுடுபட்ட அந்த ஆளின்ர பேர் என்ன? எங்கட வீட்டில ஒருத்தரும் சொன்னதில்லை."

அவர் சொன்னார். அவள் தனக்குள் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். பொலிசிடமும் அவர் எதையும் மறைக்கவில்லை. தம்பி சிறைக்குப் போனார்.

அவள் தேர்தலில் நின்றாள். முதல் கூட்டத்திலேயே அந்தப் பெயரைச் சொன்னாள். முடிவு வந்த அன்று நான் மிச்சம் என்ற ஊரில், ஃபோர்மனின் வீட்டில் இருந்தேன். அவருக்கு இப்போது ஒரு கண்தான். போனை நான்தான் எடுத்து, சத்தத்தைக் கூட்டி, மேசையில் வைத்தேன்.

"தோத்துப்போனன், பெரியப்பா."

அவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "செத்தவன்ர வீட்டில இருந்து ஆரும் உன்ர கூட்டத்துக்கு வந்தவையோ?" என்றார்.

"ஓம். முன்வரிசையில இருந்தவை. பேசி முடிய ஒரு வயசான மனுசி வந்து என்ர கையைப் பிடிச்சவ."

ஃபோர்மன் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்.

"இன்னொருக்காச் சொல்லு" என்றார்.