டெரிக் எந்த டீம்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. சூரமங்கலத்தில் ஒரு நூல் மில்லில் நான் டைப்பிஸ்ட். உலகக் கோப்பைக் கால்பந்தில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதப்போகிறார்கள் என்று பேப்பரில் வந்த அன்று எங்கள் மானேஜருக்குத் தேசபக்தி பொங்கிவிட்டது. அதுவரை எங்கள் ஆபீசில் ஒருத்தரும் காலால் பந்தைத் தொட்டதில்லை.

"வெள்ளக்காரன் நம்மள எரநூறு வருசம் ஆட்டி வெச்சானுங்க. அல்லாரும் அர்ஜென்டினாதான். என்னங்கறீங்க?" என்றார்.

"ஆமாங்க" என்றோம். அர்ஜென்டினா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேஷியர் என் காதோரம் கேட்டார். எனக்கு மட்டும் தெரியுமாக்கும்! இதே மானேஜர்தான், தன் தாத்தாவுக்கு வெள்ளைக்காரக் கலெக்டர் கொடுத்த கைக்கடிகாரத்தைக் காட்டி வாராவாரம் எங்கள் உயிரை வாங்குவார்.

அடுத்து ஃபிட்டர் டெரிக்கைக் கூப்பிட்டுவிட்டார். டெரிக் ஆங்கிலோ இந்தியர். தாத்தா காலத்திலிருந்தே சூரமங்கலம்தான். அவரை ஃபோர்மேன் ஆக்குவதற்கான ஃபைல் அப்போது மானேஜர் மேஜையில் இருந்தது.

"ஏம்ப்பா, நீ இங்கிலாந்துதான?"

"எனக்குப் பந்தெல்லாம் தெரியாதுங்க சார்."

"சும்மா சொல்லு. ரத்தம் உடுமா?"

டெரிக் சிரித்து மழுப்பினார். "பாத்தீங்களா, சோறு திங்கறது இங்க, மனசு பூராம் அங்க" என்று அவர் எதிரிலேயே எங்களிடம் சொன்னார் மானேஜர்.

இங்கிலாந்து தோற்ற செய்தி வந்ததும் ஒரு கிலோ மைசூர்பாகு வந்தது. முதல் துண்டு டெரிக்குக்கு. அவர் முகம் சுருங்குவதைப் பார்க்கத்தான். அந்த மனுஷனோ வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா இருக்குதுங்க சார், இன்னொண்ணு எடுத்துக்கட்டுங்களா?" என்றாரே! நாங்கள் சிரித்துவிட்டோம். மானேஜருக்கு முகம் கறுத்துப்போனது.

"என்றா இது! உன்ற சனம் தோத்துருக்குது, நீ இனிப்புக் கேக்கற? சொந்த ரத்தத்துக்கே விசுவாசமில்லாதவன் மில்லுக்கா இருக்கப் போற?"

டெரிக் இரண்டாவது துண்டைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். "இங்கிலாந்துன்னா நாட்டுக்கு ஆகாதவன். இல்லைன்னா ரத்தத்துக்கு ஆகாதவன். எதுன்னு நீங்களே சொல்லிருங்க சார், அப்படியே இருந்துட்டுப் போறேன். எங்க ஊட்ல கேக்கறதெல்லாம் எப்ப ஃபோர்மேன் ஆவீங்கன்னுதான்."

அன்று மத்தியானமே மானேஜர் டெரிக்கின் ஃபைலுக்கான ரிப்போர்ட்டை எனக்கு டிக்டேட் செய்தார். வேலை சுத்தம், லீவு எடுப்பது குறைவு என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசி வரியில் விசுவாசம் சந்தேகத்துக்குரியது என்று இங்கிலீஷில் சொன்னார். அவருடைய தேசபக்திக்கு அந்த பாஷைதான் வசதி.

நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். கார்பன் வைத்து மூன்று காப்பி, ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். "சுத்தமா அடிச்சிருக்கீங்க" என்றார். வெட்கங்கெட்ட நான் "தேங்க்ஸ் சார்" என்றேன்.

டெரிக் ஃபிட்டராகவே ரிட்டயர் ஆனார்.

புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். நீ எந்தப் பக்கம் என்று மேலதிகாரி ஒருத்தனைக் கேட்டால், பதிலை அவரே முடிவுசெய்து வைத்திருப்பார். அதை அடித்துக் கொடுக்க மட்டும் அவருக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக இருந்தவன் நான்.