மதினி ஏற்றிய மெழுகுவர்த்தி

"அக்டோபர் 20, சனி. காலை ஒன்பதரைக்கு வேன் வந்தது. இரண்டு பழைய தேவாலயங்கள், ஒரு குகை ஊர். வெயில் உண்டு, சூடு இல்லை. மதினி வழியில் ஆரஞ்சு சாப்பிட்டார்."

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. நான் அன்றாடம் எழுதுகிறவன். தேனியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆளுக்கு அது ஒரு துணை. மழை பெய்த நாள், வைகை அணை திறந்த நாள், உறவில் யார் பிறந்தார், யார் போனார் எல்லாவற்றையும் தேதி போட்டு வைத்திருப்பேன். ஜாதகம் தொலைந்தவர்கள் எனக்குத்தான் போன் போடுவார்கள். அப்படிப்பட்டவன் அந்தச் சனிக்கிழமையின் முக்கியமான ஒன்றை எழுதவில்லை. காரணம், அதை நான் பார்க்கவில்லை.

மதினி என் அண்ணன் மனைவி. சுருளிப்பட்டிப் பக்கம் அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம். மகளுக்கு ஏழு வயது நடந்தபோது, ஒரு காலையில் ஏலக்காய் வியாபாரி ஒருவரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அண்ணன் கேரள எல்லையைத் தாண்டினதும் வரும் குமுளிக்குப் பஸ் ஏறினார். திரும்பவில்லை. வீட்டில் சண்டை இல்லை, உடம்புக்கும் ஒன்றும் இல்லை. காவல் நிலையம், ஆஸ்பத்திரி, மலைமேல் எஸ்டேட்டுகள் என்று தேடி ஓய்ந்தோம். அதன்பின் கொடிக் கவாத்து, மருந்தடிப்பு, வியாபாரிகளோடு பேரம் எல்லாம் மதினியே பார்த்தார். மகளை ஜார்ஜியாவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பியதும் அந்தத் திராட்சைப் பந்தல்தான். தாலியை அவர் கழற்றவில்லை. குங்குமத்தை மட்டும் விட்டுவிட்டு, நெற்றியில் சிறிதாகக் கறுப்புச் சாந்து வைத்துக்கொள்ளத் தொடங்கினார். சுமங்கலிக்கும் பொருந்தும், அல்லாதவருக்கும் பொருந்தும். பார்க்கிறவர்கள் வாய் திறக்க முடியாத பொட்டு அது.

கண்காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருடம் பொறுத்துக் காரியம் செய்துவிடுவது எங்கள் பங்காளிகள் வழக்கம். தர்ப்பையில் ஆள் உருவம் செய்து எரித்துவிட்டுத் தலை முழுகுவார்கள். அந்தக் கெடு தாண்டியும் மதினி பிடிகொடுக்கவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு வந்ததும் பங்காளிகள் நெருக்கினார்கள். "பிள்ளையப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் மதினி விமானம் ஏறினார். துணைக்கு நான் போனேன்.

மகளுக்கு அன்று வகுப்பு இருந்ததால் எங்கள் இருவரையும் சுற்றுலா வேனில் ஏற்றிவிட்டாள். வழிகாட்டி, அங்கே படிக்க வந்து அங்கேயே தங்கிவிட்ட ஒரு மலையாளி. குமுளிக்காரர் என்று தெரிந்ததும் மதினி முன் இருக்கைக்கு மாறிக்கொண்டார்.

"குமுளியில எங்கன தம்பி?"

"ஒன்னாம் மைலு, சேச்சி. எங்க அம்மச்சி கம்பத்துக்கு வந்துதான் காய் வாங்கும். ஒங்க ஊருக் காய் இல்லாம எங்க அடுப்பு எரியாது, கேட்டோ."

"அப்ப எங்க ஊருக் காயத் தின்னு வளந்த உடம்புதான் இது" என்று சொல்லி மதினி ஓர் ஆரஞ்சை உரித்து அவரிடம் நீட்டினார். கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது. மலையாளம் பேசுகிற எவரைக் கண்டாலும் அவருக்குள் எழும் கேள்வி அது.

முதல் தேவாலயம் ஒரு மலையுச்சியில் தனியாக நின்றது. கீழே இரண்டு ஆறுகள் வெவ்வேறு நிறத்தில் வந்து கலந்தன. வைகையும் முல்லையாறும் எங்கள் தேனிப் பக்கத்துக் குன்னூரில் சேருவதைப் போலிருக்கிறது என்றேன். மதினி தலையாட்டினார். உள்ளே வழிகாட்டி ஒரு சிலுவையைக் காட்டி, இந்த நாட்டுக்கு வேதம் கொண்டுவந்த புனிதை திராட்சைக் கொடிகளைத் தன் தலைமுடியால் கட்டிச் செய்தது போன்றது இது என்றார். அதன் இரு கைகளும் கீழ்நோக்கித் தொங்கின.

"பச்சக் கொடிய முடியால கட்டுனா தொங்கத்தான செய்யும்" என்றார் மதினி. "ஒரு வாழநாரு கெடைக்கலையாக்கும் அந்தம்மாவுக்கு?"

வழிகாட்டி சிரித்துவிட்டார். மதினியும் சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அடுத்தது மத்ஸ்கேத்தா என்ற பழைய தலைநகரில் இருக்கும் பெரிய தேவாலயம். வாசலிலேயே மதினி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். தேன் நிறத்தில், ஊதுவத்தியைவிடச் சற்றே தடித்த மெழுகுவர்த்திகள் விற்றார்கள். ஒன்றே ஒன்று வாங்கினார்.

வழிகாட்டி அவர் அருகில் வந்து நின்று சொன்னார்: "சேச்சி, பொக்கமா நிக்கிற தட்டு உயிரோட இருக்கவங்களுக்கு. கீழ மணல்ல குத்தி வைக்கிறது மரிச்சுப் போனவங்களுக்கு. மாறிப் போகக்கூடாது."

மதினி இரண்டையும் பார்த்தார். மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி எரிந்துகொண்டிருந்தன.

"தெரியாதவுகளுக்கு எங்கன வைக்கணும் தம்பி?"

"அப்படி ஒண்ணு இல்லையே சேச்சி. யாருக்கு?"

"வீட்டுக்காரவுகளுக்கு."

"சேட்டன் எங்க இருக்காரு?"

"அதத்தான கேக்குறேன். உங்க ஊருக்குத்தான் போனாக."

அந்த இளைஞர் என்னைப் பார்த்தார். நான் ஒரு வரியில் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் செத்துவிட்டது. "வெளியில சுவர்ல ஒரு கை செதுக்கியிருக்கு, சாரு பாக்கணும்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். மதினியைத் தனியாக விடத்தான் அப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன். வெளிச்சுவரின் உயரத்தில், மூலைமட்டம் பிடித்த ஒரு கல் கை இருந்தது. கட்டிய சிற்பியின் கையை வெட்டிவிட்டதாக ஒரு கதை சொன்னார். கதைக்கு ஆதாரம் என்ன, பக்கத்தில் உள்ள எழுத்து எந்தக் காலத்தது என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி உள்ளே போனபோது மதினியின் கை வெறுமையாக இருந்தது. தட்டிலும் மணலிலும் எத்தனையோ சுடர்கள். அவர் வைத்தது எது என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

மதியத்துக்கு மேல் உப்லிஸ்ட்சிகே என்ற குகை ஊருக்குப் போனோம். ஆற்றங்கரைப் பாறையைக் குடைந்து தெரு, கூடம், அடுப்பு, திராட்சை பிழியும் தொட்டி என்று ஒரு முழு ஊரையே செய்திருந்தார்கள். கதவு மட்டும் எந்த வீட்டுக்கும் இல்லை. காற்று ஒரு வாசலில் நுழைந்து இன்னொன்றில் வெளியேறியது. மதினி தொட்டியின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"இங்கன இருந்தவுகள்லாம் எங்க போனாக?"

"படையெடுப்பு, பூகம்பம்னு பலதும் சொல்லுவாங்க சேச்சி. கொஞ்சம் கொஞ்சமா எல்லாரும் போயி."

"ஒருத்தருகூடச் சொல்லிட்டுப் போகலையா?"

நான் அந்த ஊரில் கடைசியாகக் குடியிருந்தவர் போன ஆண்டு எங்கேனும் பதிவாகியிருக்கிறதா என்று வழிகாட்டியிடம் கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். திரும்பும் வழியெல்லாம் மதினி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

ஊர் திரும்பியபின் பங்காளிகள் வந்து கேட்டார்கள். "பாத்துக்கிருவோம்" என்றார் மதினி. காரியத்துக்கு நாள் குறிக்கவில்லை. பேச்சு இரண்டு பக்கமாகப் பிரிந்தது. எங்கள் உறவில் பாதிப் பேர் அண்ணனை இறந்தவராகவே வைத்துப் பேசினார்கள். மீதிப் பேர் அவர் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்கள். மகள் கல்யாணம் ஆகிச் சென்னைக்குப் போனாள். நான் மாதம் ஒருமுறை கம்பம் பஸ்ஸில் போய் மதினியோடு மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருவேன். கொடியைப் பற்றிப் பேசுவோம், விலையைப் பற்றிப் பேசுவோம். அந்த மெழுகுவர்த்தியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வருடம் தை மாதம் மதினி இறந்தார். தோட்டத்துக்குப் புறப்பட்டவர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகள் வந்து சேர்ந்து, குளிப்பாட்டும் நேரத்தில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு மதினியின் தம்பி வந்தார். கையில் இரண்டு துணிக்கடைப் பைகள். சுமங்கலிக்குச் சிவப்பு, அல்லாதவருக்கு வெள்ளை என்பது எங்கள் பக்கத்து முறை.

"மச்சான், கடையில நின்னு பாத்தேன். ஒண்ணும் புடிபடல" என்றார். "ரெண்டையும் எடுத்துட்டு வந்துட்டேன். எதப் பிரிக்க?"

வாசல் பந்தலுக்குள் இருந்த பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர், "அவன் இருக்கான்னு சொல்ல ஆரு இருக்கா? வெள்ளையப் பிரிப்பா" என்றார். மதினியின் பக்கத்தில் நின்ற பெண்ணொருத்தி உடனே திரும்பினாள்: "செத்தான்னு சொல்ல மட்டும் ஆரு இருக்கா பெரியப்பா? தாலி கெடக்குல்ல கழுத்துல!"

மகள் இரண்டு பைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, நீங்க சொல்லுங்க. அம்மா கூட ஜார்ஜியாவுக்கு வந்தது நீங்கதான" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உறவில் தேதி தெரிந்தவன் நான்தானே. மதினியின் நெற்றியில் அந்தக் கறுப்புச் சாந்து பாதி அழிந்திருந்தது.

"செவப்பப் பிரி" என்றேன்.

பிரித்தார்கள். குங்குமமும் வைத்தார்கள். நான் சொன்னது சரிதானா என்பது, இதை எழுதும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.