மூன்று பேருக்கு ஒரு கல்

வெளியே போகிறவர்களை வாசலில் நின்று வழியனுப்பாவிட்டால் ஞானம்பிகைக்கு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடாது. யாழ்ப்பாணத்தை விட்டு இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து பல வருடங்களாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அந்த நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில், பல்லாரோச் சந்தைக்குப் பின்னால், கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் அவள் கூட்டித் துடைத்துப் படுக்கை விரித்தாள். யார் புறப்பட்டாலும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வாசலுக்கு வருவாள். எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டாள். தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கோடையில், நகரத்தில் பல நாட்டு இளையோர் விளையாட்டு விழா நடந்தது. பெரிய நாடுகளின் அணிகள் ஹோட்டல்களை நிறைத்தன. விடுதிக்கு வந்ததோ பெருங்கடலின் நடுவே கிடக்கும் ஒரு தீவு நாட்டின் அணி. அந்த நாட்டுச் சனம் முழுவதையும் கொண்டுவந்து இறக்கினாலும் நகரத்து ஓரத்துப் பிரான்காச்சோ மாடிவீடுகள் நிரம்பாது என்றான் ஏர்னஸ்ற். விடுதியின் வான் வண்டியை ஓட்டுகிற மன்னார்ப் பெடியன் அவன். வாய் சும்மா இராது.

அணி என்றால் மூன்றே பேர். நரைத்த பயிற்சியாளர், இரும்புக் குண்டு எறிகிற ஒரு தடித்த இளைஞன், ஓட்டக்காரி லெயா. லெயா சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதுமில்லை. ஞானம்பிகை தரை துடைக்கும்போது பின்னாலேயே வந்து வாளியைத் தூக்கிக் கொடுப்பாள். பொதுவான பாஷை ஒன்றும் இல்லாமலே இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

விழா தொடங்கிய காலை மூவரும் பைகளோடு வாசலில் வந்து நின்றதைக் கண்டதும் ஞானம்பிகை ஆட்களை எண்ணினாள். மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போகக் கூடாது. போய்த்தான் ஆகவேண்டுமென்றால் ஒரு கல்லைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கல்தான் நாலாவது ஆள். பெண் பார்க்கப் போனாலும் வழக்குக்குப் போனாலும் அவளுடைய ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். முற்றத்து எலுமிச்சைத் தொட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்து, யாரும் பார்க்காமல் லெயாவின் பைக்குள் போட்டாள்.

மத்தியானம் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுதியில் இறக்கிவிட்ட ஏர்னஸ்ற் அவளிடம் வந்தான். "அக்கா, அந்த நாலாவது பெடியன் வாயே திறக்கமாட்டானோ?"

பகிடி விடுகிறான் என்று நினைத்து, எந்த நாலாவது என்று கேட்டாள்.

"பின் சீற்றிலை நனைஞ்சுபோய் இருந்தவன். இறங்கினதை நான் காணேல்லை. சீற்றெல்லாம் தண்ணி."

அவள் போய்த் தொட்டுப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது. விரலில் உப்புப் பிசுபிசுத்தது.

அன்று சமையலறைச் சகோதரி அந்த மேசைக்கு நாலு கோப்பை வைத்தார். ஏன் என்று கேட்டபோது, நாலு பேர்தானே என்றார். மறுநாள் காலையில், யாருக்கும் கொடுக்காத நாலாவது கட்டிலின் தலையணை நனைந்திருந்தது. ஞானம்பிகை உறையை மாற்றினாள். அடுத்த நாளும் மாற்ற வேண்டியிருந்தது.

நானூறு மீற்றரில் லெயா நன்றாகத்தான் ஓடத் தொடங்கினாளாம். பாதியில் நின்று, திரும்பி, யாருக்கோ காத்திருப்பவள்போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றாளாம். மற்றவர்கள் அவளைக் கடந்து ஓடிப் போனார்கள். பயிற்சியாளர் இதை ஞானம்பிகையிடம் தனக்குத் தெரிந்த கொஞ்ச இத்தாலியனில் சொன்னார். இனி எண்ணூறு மீற்றர் மட்டும்தான் மிச்சம். அதையும் முடிக்காவிட்டால் அவளுடைய நாடு இனி அவளை எங்கும் அனுப்பாது. பிறகு குரலைத் தாழ்த்தி, நாங்கள் நாலு பேராகத்தான் புறப்பட்டோம் என்றார். நாலாமவன் லெயாவின் தம்பி, அவனும் ஓட்டக்காரன். விமானம் ஏறும் தீவுக்கு வரும் வழியில் படகு கவிழ்ந்தது. மூவர் கரை சேர்ந்தார்கள். ஊருக்குத் திரும்பிப் போக வேண்டாம் என்று சொன்னவள் லெயாதான்.

நாலாவது ஆளுக்கு இடம் வைத்தவள் ஞானம்பிகை. அவன் வந்து அதில் இருந்துவிட்டான்.

ஓட்டத்தன்று அவள் ஏர்னஸ்றிடம் போனாள். "என்னையும் மைதானத்துக்குக் கொண்டுபோ. நான் வைச்ச கல்லை நான்தான் எடுக்கோணும்." ஏர்னஸ்ற் அன்று பகிடி ஒன்றும் விடவில்லை. வழி முழுவதும் பின்னால் பார்க்கும் கண்ணாடியை மேலே திருப்பி வைத்திருந்தான்.

உடை மாற்றும் அறையில் லெயாவின் பையைக் கொட்டிப் பார்த்தாள். துவாய், சப்பாத்து, மடித்த கொடி. கல் இல்லை. கைச்சாடையால் கேட்டாள். லெயாவும் கைச்சாடையால் சொன்னாள்: முதல் நாள் காலையில், மைதானத்துக்குள் போகும்போதே, வாசல் காவலாளி அதைக் கண்டெடுத்து வீதிக்கு எறிந்துவிட்டான்.

ஞானம்பிகை துவாயையும் கொடியையும் பைக்குள் திருப்பி வைத்தாள். வானின் பின் சீற்றில் ஒருவன் நனைந்துபோய் இருந்தது அதற்குப் பிறகு, திரும்பி வரும்போது. அவன் கல்லோடு வந்தவன் அல்ல. எடுத்துவிட ஒன்றும் இல்லை.

பெயர் கூப்பிட்டார்கள். லெயா எழுந்தாள். எழுந்ததுமே தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தாள். ஞானம்பிகை அவளோடு ஓடுபாதையின் வாயில்வரை நடந்தாள். அங்கே, லெயாவுக்குப் பின்னால் இருந்த வெறுமையைப் பார்த்து, தன் பிள்ளையோடு கதைப்பதுபோல மெல்லச் சொன்னாள்:

"தம்பி, நீ முன்னாலை போய் ஓட்டம் முடியிற கோட்டடியிலை நில். அக்கா வருவா."

சூடாக இருந்த காற்று ஒரு தரம் குளிர்ந்து அவளைக் கடந்து போனது.

லெயா அந்த ஓட்டத்தில் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. முடிவுக்கோட்டையே பார்த்துக்கொண்டு ஓடினாள். ஒருவரும் கோட்டை எட்டுமுன்பே, கடிகாரத்தோடு நின்ற ஒரு நடுவர் அதை அமத்தி நிறுத்திவிட்டார். பிறகு வெறும் பாதையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்தார். லெயா கடைசியாகத்தான் வந்தாள். ஆனால் முடித்தாள். கோட்டைத் தாண்டியதும், யாரோ பிடித்து நிறுத்தியதுபோல நின்றாள். அவளுடைய சட்டையின் முன்பக்கம் தோய்த்தெடுத்ததுபோல நனைந்திருந்தது. பயிற்சியாளர் அழுதார்.

திரும்பும்போது பின் சீற் காய்ந்து கிடந்தது. லெயா ஞானம்பிகையின் மடியில் தலை வைத்து அப்படியே தூங்கிப்போனாள். மைதான வாசலில் ஏர்னஸ்ற் வானை மெதுவாக்கி, கம்பி வேலிக்கு அப்பால் கோட்டடியைப் பார்த்தான்.

"அக்கா, அவன் அங்கையே நிக்கிறான். ஏத்தட்டோ?"

ஞானம்பிகை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. லெயாவின் காதைக் கையால் பொத்தினாள்.

"வேண்டாம். ஓட்டு."