யாரும் தேடாத தலைப்பு

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த பல்பு கம்பெனியை மூடிவிட்டார்கள். அதன் கேன்டீன் நாட்களைப் பற்றி வலைப்பூவில் ஆசையாக எழுதினேன். 'மனசுக்குள் ஒரு மழை' என்று தலைப்பு. ஒருவரும் படிக்கவில்லை. அழித்துவிடலாம் என்றிருந்தேன்.

ஒருநாள் திருவேற்காடு ஷேர் ஆட்டோவில், கூட வேலை செய்த ஸ்டெல்லா ஏறினாள். "நம்ம கேன்டீன பத்தி எவனாச்சும் எழுதிகீறானான்னு செல்லுல தேடிகினே கீறேன்டி. ஒண்ணும் வரல," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் தலைப்பில் அம்பத்தூரும் இல்லை, கேன்டீனும் இல்லை!

வீட்டுக்கு வந்ததும் 'அம்பத்தூர் எஸ்டேட் பல்பு கம்பெனி கேன்டீன்' என்று மாற்றினேன். சில வாரங்களில் எங்கள் ஷிப்டு மல்லிகாவிடமிருந்து பின்னூட்டம்: "ரெண்டாவது அப்பளத்துக்குச் சண்ட போடுவியே, அந்தக் கலாதான நீ?"

இப்போதெல்லாம் தலைப்பு வைக்கும்முன், ஸ்டெல்லா என்ன போட்டுத் தேடுவாள் என்றுதான் யோசிக்கிறேன்.