ஐந்தாவது மஞ்சள் அட்டை

திங்கட்கிழமை காலையில் மனைவி ஐனோவாவின் வெள்ளைக் கோட்டுகளுக்கு இஸ்திரி போடுவது எலோயின் வேலை. ஞாயிறு ஆட்டம் இருந்தால் மறுநாள் பயிற்சி கிடையாது. அவள் மருந்துக்கடைக்கும் மகள் நைரா பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பிய பிறகு, வீங்கிய கணுக்காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று தேய்ப்பான். முதலில் காலர், பிறகு கைகள், கடைசியில் முதுகு. இந்த வீட்டில் இஸ்திரிப் பலகைக்கென்று ஒரு மூலை இருந்தது. இதற்கு முன் குடியிருந்த வீடுகளில் எல்லாம் அது கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது, அடுத்த ஊருக்குக் கிளம்பத் தயாராக.

எலோய்க்கு வயது முப்பத்தாறு. அஸ்தூரியாஸ் பக்கம், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பியிருந்த ஒரு பள்ளத்தாக்கில் பிறந்தவன். பதினாலு வயதில் ஒரு பெரிய கால்பந்து கிளப்பின் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அன்றைக்கு அவன் அப்பா பேருந்து நிலையத்தில் சொன்னது ஒன்றே ஒன்று. "சுரங்கத்துக்குள்ள இறங்காம எங்க போனாலும் எனக்குச் சம்மதம்." முதல் டிவிஷனில் அவன் ஆடியது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் கடைசிப் பத்து நிமிடம். பந்து ஒருமுறை காலுக்கு வந்தது, கோல்கீப்பரிடமே திருப்பிக் கொடுத்தான். ஊரே மதுக்கடைத் தொலைக்காட்சி முன்னால் கூடியிருக்க, அந்த நேரம் பார்த்து அப்பா கழிப்பறைக்குப் போயிருந்தார். "நீ பந்தைத் தொட்டியாமே, சொன்னாங்க" என்று பிறகு போனில் கேட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் இறக்கம்தான். செங்குத்தாக விழவில்லை, வயதானவர்கள் படி இறங்குகிற மாதிரி ஒவ்வொன்றாக. லோர்காவில் இரண்டு வருடம், ஹுவெஸ்கா பக்கம் ஒரு வருடம், கடல் தாண்டி செயூத்தாவில் பாதி சீசன். அவன் நடுக்கள ஆட்டக்காரன். தடுப்பாளர்களுக்கு முன்னால் நின்று, வருகிறவனிடமிருந்து பந்தைப் பிடுங்கி, பக்கத்தில் இருக்கிறவனிடம் கொடுத்துவிட வேண்டும். கோல் போடுகிறவன் பெயரை மைதானமே கத்தும். எலோயின் பெயரைக் கத்துகிறவர் பயிற்சியாளர் மட்டும்தான், அதுவும் திட்டுவதற்கு.

சோரியா மாகாணத்தின் இந்த வால்தெரோயாவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. நாலாம் டிவிஷன். குளிர்காலத்தில் மைதானம் கல்லாய் உறைந்துவிடும். ஆனாலும் இங்கே வந்த பிறகுதான் ஐனோவாவுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஊர் ஊராக அவன் பின்னால் பெட்டி கட்டியவள், சதுக்கத்து மருந்துக்கடையில் உதவியாளராகச் சேர்ந்து, மருந்துப் பெயர்களை ராத்திரி பகலாகப் படித்து, போன கிறிஸ்துமஸுக்கு நிரந்தரமாகிவிட்டாள். அன்றைக்குச் சுவரில் முதல் தடவையாக ஆணி அடித்தார்கள்.

இதெல்லாம் ஒரே ஒரு விஷயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அணி இந்த டிவிஷனில் நிலைத்தால் எலோயின் ஒப்பந்தம் தானாகவே இன்னொரு வருடம் நீளும். கீழே இறங்கினால் ஒப்பந்தம் அதோடு சரி.

மிச்சம் இருந்தவை மூன்று ஆட்டங்கள். எலோய் பெயரில் ஏற்கெனவே நாலு மஞ்சள் அட்டை. ஐந்தாவது வாங்கினால் அதற்கடுத்த ஆட்டத்தில் ஆடாமல் உட்கார வேண்டும். இந்த ஞாயிறுக்கு அடுத்த ஆட்டமோ பட்டியலில் முதலாவதாக இருக்கும் அணியின் ஊரில். அங்கே எப்படியும் தோல்விதான். கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில், இவர்களைப் போலவே தத்தளிக்கும் அல்கோசா அணியோடு. வாழ்வா சாவா அதில்தான், அதில் அவன் இருந்தாக வேண்டும். ஆகவே ஐந்தாவது அட்டையை இந்த ஞாயிறே வாங்கித் தொலைத்துவிடுவது என்று எலோய் முடிவு செய்தான். இந்தத் தொழிலில் வயதானவர்கள் எல்லோரும் செய்கிற காரியம் இது. செய்வார்கள், வெளியே சொல்லமாட்டார்கள்.

அந்த ஞாயிறு, ஓரத்திலிருந்து பந்தை எறிய வேண்டிய நேரத்தில் அதைத் துணியால் துடைத்தான். மறுபடி துடைத்தான். குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான்.

"சீக்கிரம் எறிப்பா" என்றார் நடுவர்.

"இதோ."

"எலோய், உனக்கு என்ன, அட்டை வேணுமா?"

"உங்க இஷ்டம்."

நடுவர் பெருமூச்சு விட்டு அட்டையை எடுத்தார். காரியம் முடிந்தது.

கோட்டுகளைத் தேய்த்து மாட்டிய அந்தத் திங்கள் மாலை, எலோய் சதுக்கத்து மதுக்கடைக்குப் போனான். உள்ளூர் வானொலிக்காரர் ஃபுல்ஹென்சியோ வாராவாரம் அங்கிருந்துதான் நிகழ்ச்சி நடத்துவார். ஆட்டக்காரர்கள் முறை வைத்துப் போய் உட்கார வேண்டும். மேசை மேல் வறுத்த மிளகாய் ஒரு தட்டு, ஒயின் ஒரு கோப்பை, நடுவில் ஒலிவாங்கி. சுற்றிலும் சீட்டாட்டத்தை நிறுத்தாமலே காது கொடுத்துக்கொண்டிருக்கும் ஊர்.

"நேயர் ஒருத்தர் செய்தி அனுப்பியிருக்காரு" என்றார் ஃபுல்ஹென்சியோ சிரித்துக்கொண்டே. "படிக்கட்டுமா, கோவிச்சுக்க மாட்டியே? 'எங்க ஊரு கிழவருக்குப் பந்தைத் தூக்கி எறியக்கூடத் தெம்பு இல்ல. தள்ளுவண்டி வாங்கிக் குடுங்க.'"

சீட்டாடுகிறவர்கள் சிரித்தார்கள். எலோயும் சிரிக்கத்தான் பார்த்தான். ஆனால் கணுக்கால் விண்விண் என்று வலித்தது. பதினேழு வருடமாக எவனாவது ஒருவன் இந்த மாதிரி ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறான்.

"தெம்பு இல்லாம இல்ல" என்றான். "வேணும்னே வாங்கின அட்டை அது. கடைசி ஆட்டத்துல நான் இருக்கணும்னுதான். அந்தக் கணக்கு புரியாதவருக்கு நீங்கதான் தள்ளுவண்டி வாங்கிக் குடுக்கணும்."

கடை முழுக்கக் கைதட்டல். யாரோ அவனுக்கு இன்னொரு கோப்பை ஒயின் சொன்னார்கள். அன்றைக்கு எலோய் வீட்டுக்கு நிமிர்ந்து நடந்து போனான்.

அல்கோசா கிளப்பில் எவனோ வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஒலிப்பதிவு ஒழுங்குக் குழுவுக்குப் போனது. வேண்டுமென்றே அட்டை வாங்கியதை வாயாலேயே ஒப்புக்கொண்டால் தண்டனை கூடும் என்பது விதி. புதன்கிழமை தீர்ப்பு வந்தது. இன்னும் ஒரு ஆட்டம் தடை, அதாவது கடைசி ஆட்டமும் போயிற்று. கிளப் செய்த முறையீடும் எடுபடவில்லை.

ஐனோவா அதைக் கடையிலேயே கேள்விப்பட்டுவிட்டாள். ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்த ஒருத்தி சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து, சூப்பைப் பரிமாறி, உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"இந்த வீட்டுல பால் தீந்துபோச்சுன்னு சொல்றதுக்கே உனக்கு ரெண்டு நாள் ஆகும். ரேடியோவுல மட்டும் எப்படி வாய் வந்துச்சு?"

"கிழவன்னு சொன்னான்."

"கிழவன்தானே."

எலோய் ஒரு கரண்டி சூப்பை ஊதிக் குடித்தான். நைரா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, நீ பொய் சொல்லியிருக்கலாமேன்னு ஸ்கூல்ல எல்லாரும் கேக்கறாங்க."

"உங்க டீச்சர் உண்மை பேசணும்னுதானே சொல்லிக் குடுக்கறாங்க?"

"டீச்சரும்தான் கேட்டாங்க."

ஐனோவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு ரொட்டியை வெட்டினாள்.

அந்த வார இறுதியில் வெளியூரில் எதிர்பார்த்தபடியே தோற்றார்கள். அதற்கடுத்த ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைசி ஆட்டம். சமன் செய்தாலே போதும். எலோய் பார்வையாளர் பகுதியில், சூரியகாந்தி விதைத் தோல் காலடியில் நொறுங்க, ஐனோவாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இடைவேளையில் வழக்கம்போல், பரிசாக வைத்த உப்பிட்ட பன்றித் தொடைக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். அது பயிற்சியாளரின் மாமியாருக்கு விழுந்ததும், "இதுவும் ஏற்பாடுதான்" என்று கூட்டம் கூவியது.

"உன் கால் ஆடுது" என்றாள் ஐனோவா.

"எது?"

"ரெண்டும். முன்னால உக்காந்திருக்கறவரை உதைச்சிடாத."

அவன் இடத்தில் இறக்கியிருந்த பையன் நன்றாகத்தான் ஓடினான். தேவைக்கு மேலேயே ஓடினான். முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது பந்தைத் துரத்திக்கொண்டு ஓரத்துக்குப் போனான். தடுப்பாளர்களுக்கு முன்னால் இடம் காலியாயிற்று. "நில்லு, நில்லு, அங்கயே நில்லு" என்று எலோய் முணுமுணுத்தது பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும்தான் கேட்டது. அல்கோசாக்காரன் ஒருவன் அந்தக் காலி இடத்துக்குள் நடந்து வந்தான். அவசரமே இல்லாமல் அடித்தான். கோல்.

அதோடு முடிந்தது, அணி கீழே இறங்கியது. வெளியே போகிறபோது யாரும் எலோயைத் திட்டவில்லை. வழி விட்டு ஒதுங்கினார்கள். ஃபுல்ஹென்சியோ மட்டும் பக்கத்தில் வந்து, "நான் அந்தச் செய்தியைப் படிச்சிருக்கக் கூடாது" என்றார்.

"நான் பதில் சொல்லியிருக்கக் கூடாது" என்றான் எலோய்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவனுக்காகக் கிளப்களிடம் பேசும் முகவர் போன் செய்தார். எலோய் பேசி முடித்துக் கூடத்துக்கு வந்தபோது ஐனோவா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்தாள். மருந்துக்கடை மறுபடி திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"லான்சரோத்தேல ஒரு கிளப்" என்றான். "இதே டிவிஷன்தான். நாளைக்குள்ள சொல்லணுமாம்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "தீவா?"

"ஒரு வருஷம்தான். அங்க குளிரே கிடையாது, காலுக்கு நல்லது."

"செயூத்தாவுக்குப் போறப்பவும் காலுக்கு நல்லதுன்னுதான் சொன்ன." அவள் இப்போது அவனைப் பார்த்தாள். "காளான் கிடங்குல ஆள் எடுக்கறாங்க. எங்க முதலாளியம்மாவோட தம்பிதான் மேனேஜர். உன்னைக் கேட்டாராம்."

"டப்பா அடுக்கவா?"

"டப்பா அடுக்கத்தான். சனி ஞாயிறு லீவு."

"எனக்கு இதை விட்டா ஒண்ணும் தெரியாது, ஐனோவா."

"எனக்கு மட்டும் மாத்திரை பேரெல்லாம் பிறக்கும்போதே தெரியுமா?"

அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். எதிர்வீட்டுக்காரர் பால்கனியில் கட்டியிருந்த அணிக்கொடியை முடிச்சு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். கிடங்கில் நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும். அது கஷ்டமில்லை, நின்றே பழகியவன். காலையில் எழுந்தால் விளையாட வேண்டிய ஆட்டம் என்று ஒன்று இருக்காது. அதுதான் கஷ்டம்.

"இன்னும் ஒரே ஒரு வருஷம்" என்றான். அவன் குரல் அவனுக்கே களைப்பாகக் கேட்டது. "அப்புறம் நீ சொல்ற இடத்துல உக்காந்துக்கறேன்."

அவள் எழுந்து மேசையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையில் கூட்டி எடுத்தாள்.

"நான் சரின்னு சொன்னா, நீயும் நைராவும் கூட வருவீங்கதானே?"

துணுக்குகள் சிந்தாமல் கையை மூடிக்கொண்டு, அவன் காலையில் தேய்த்து மாட்டிய வெள்ளைக் கோட்டு ஒன்றை மறுகையால் எடுத்துக்கொண்டு, கதவை முழங்கையால் தள்ளித் திறந்து, ஐனோவா கூடத்தை விட்டு வெளியே போனாள்.